புதிய விதிமுறை வந்ததும் ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை: பாடக்குழு முதல் ஆட்சிக்குழு வரை

உயர்கல்வியில் அரசு கொண்டுவரும் எந்தச் சீர்திருத்தமும் "இனி ஆசிரியர்களைக் கேட்க வேண்டாம்" என்று எழுதிக்கொண்டு வருவதில்லை. ஒரு துறையின் பாடத்திட்டத்தை வகுக்கும் பாடக்குழு இருக்கும், அதைப் பரிசீலித்து ஏற்கும் கல்விப் பேரவை இருக்கும், பல்கலைக்கழக நிர்வாகத்தை நடத்தும் ஆட்சிக்குழு இருக்கும். பெயர்கள் அப்படியே இருக்க, உள்ளே நான்கு இடங்களில் கை வைப்பார்கள். உறுப்பினரை நியமிப்பவர் மாறுவார். முடிவெடுத்த குழு பரிந்துரைக்கும் குழுவாகும். யோசிக்கக் கிடைக்கும் நாள் குறையும். குழு வேலைக்கான நேரமும் மதிப்பும் சுருங்கும். இந்த நான்கையும் கண்டுபிடிக்கத் தெரிந்தால், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று முன்கூட்டியே தெரியும்.

தமிழ்நாட்டில் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும், அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும், தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பணிபுரியும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறோம். தங்கள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்குக் கூடுதல் இடம் தருவதற்குக் காரணம் உண்டு. 1978-ல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளோடு அந்த ஏற்பாடு தொடங்கியதே இங்குதான். பாடத்திட்டத்தில் ஆசிரியருக்கு நேரடியாகக் கை இருக்கும் இடமும் அதுதான்.

வந்திருக்கும் தாள் எது?

முதலில் பார்க்க வேண்டியது உள்ளடக்கத்தை அல்ல, தாளின் தரத்தை. வந்திருப்பது பாராளுமன்றச் சட்டமா, சட்டமன்றச் சட்டமா, அரசிதழில் வெளியான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையா, பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஸ்டாட்யூட்டா, அரசாணையா, வெறும் சுற்றறிக்கையா? கீழே இருப்பது மேலே இருப்பதை மாற்ற முடியாது. ஸ்டாட்யூட் ஒரு குழுவுக்குக் கொடுத்த அதிகாரத்தைச் சுற்றறிக்கை பறிக்க முடியாது. ஆனால் நடைமுறையில் பறித்துவிடுகிறது, ஏனென்றால் யாரும் ஸ்டாட்யூட் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

கல்வி 1976-ன் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. அதனால் மாநிலச் சட்டமும் யுஜிசி விதிமுறையும் ஒரே விஷயத்தில் வேறு வேறு சொல்வது இன்று அன்றாடம். நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றிய கல்யாணி மதிவாணன் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு ஏற்றுக்கொள்ளாத வரை யுஜிசியின் 2010 விதிமுறை மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்றது. 2022 மார்ச்சில், குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில், யுஜிசி விதிமுறைக்கு மாறான துணைவேந்தர் நியமனம் செல்லாது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் ரத்தானது. பெயர்ப் பட்டியல் தர வேண்டிய தேர்வுக்குழு ஒரே ஒரு பெயரை அனுப்பியது அதில் ஒரு முக்கியக் காரணம். ஒரு குழு தன் வேலையை முழுதாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

ஆகவே புதிய தாள் வந்ததும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். அரசிதழில் எந்தத் தேதியில் வந்தது? மாநில அரசு எந்த அரசாணை வழியே ஏற்றது? நமது பல்கலைக்கழக ஆட்சிக்குழு அல்லது கல்லூரியின் ஆளுகைக் குழு எந்தத் தீர்மானத்தால் நடைமுறைக்குக் கொண்டுவந்தது? மூன்றுக்கும் விடை வராத வரை, துறைக்கூட்டத்தில் "மேலிடத்து உத்தரவு" என்ற சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

2023-ல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். பல கல்லூரிகளில் அது கட்டாயம் என்றே புரிந்துகொள்ளப்பட்டது. தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பு எழுந்த பிறகுதான், அவை தங்கள் தேவைக்கேற்ப முடிவு செய்யலாம் என்று உயர்கல்வித் துறையிலிருந்து விளக்கம் வந்தது. அதற்குள் அவசர அவசரமாகப் பாடத்திட்டத்தை மாற்றிய துறைகள் இழந்தது ஒரு பருவத்து உழைப்பை. "மாதிரி" என்ற சொல் தாளின் தலைப்பிலேயே இருந்தது.

வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள்

பழைய விதியையும் புதிய விதியையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு குழுவின் அதிகாரப் பகுதியிலும் வினைச்சொல்லை மட்டும் சிவப்பு மையால் கோடிடுங்கள். பாதி நாள் போதும். பார்க்க வேண்டிய சொற்கள் இவை: "ஒப்புதல் அளிக்கும்", "தீர்மானிக்கும்" என்பவை அதிகாரம். "பரிந்துரைக்கும்" என்பது பாதி அதிகாரம். "பரிசீலிக்கும்", "கருத்துத் தெரிவிக்கும்", "ஆலோசனை கூறும்" என்பவை அதிகாரமே இல்லை. "ஒப்புதலோடு" என்பது "கலந்தாலோசித்து" என்று மாறியிருந்தால், ஒரே சொல்லில் ஒரு குழுவின் அதிகாரம் போய்விட்டது என்று பொருள்.

இது நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் பேராசிரியர் குழுக்கள் நெடுங்காலம் நியமனத்திலிருந்து நிதி வரை முடிவெடுத்து வந்தன. 2014-ல் திருத்தப்பட்டு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பள்ளிக்கல்விச் சட்டம், அவற்றைப் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கருத்துச் சொல்லும் அமைப்பாக்கியது. குழுக்கள் இன்றும் கூடுகின்றன. டென்மார்க்கில் 2003 பல்கலைக்கழகச் சட்டம் வேறு வழியில் போனது: தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ரெக்டர் (பல்கலைக்கழகத் தலைவர்), வெளியாட்கள் பெரும்பான்மையாக உள்ள ஆளுகைக் குழுவால் நியமிக்கப்படுபவர் ஆனார். ஒன்று வினைச்சொல்லை மாற்றியது, மற்றொன்று நியமிப்பவரை மாற்றியது. நம்மிடம் இரண்டும் ஒரே விதிமுறைக்குள் வருவது உண்டு.

வினைச்சொல் மாறாமலே அதிகாரம் நழுவுவதையும் அளக்கலாம். கல்விப் பேரவை அல்லது ஆட்சிக்குழுவின் கடைசி 5 கூட்டங்களின் அஜெண்டாவை எடுத்து, ஒவ்வொரு பொருளையும் மூன்று கூடைகளில் போடுங்கள்: முடிவுக்கு வந்தவை, ஏற்கெனவே செய்து முடித்துப் பின்னேற்புக்கு வந்தவை, தகவலுக்காக வந்தவை. பெரும்பாலான பல்கலைக்கழகச் சட்டங்கள், அவசரத்தில் துணைவேந்தர் தாமே முடிவெடுத்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க இடம் கொடுக்கின்றன. அந்த விதி வெள்ளம், தேர்வுக் குளறுபடி போன்ற நேரங்களுக்கானது. பின்னேற்புக் கூடை கூட்டத்துக்குக் கூட்டம் நிரம்பிக்கொண்டே போனால், அவசர விதி அன்றாட விதியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணிக்கையை ஒரு பக்கத் தாளாக்கி அடுத்த கூட்டத்தில் வையுங்கள். பொதுவான குறைகூறலுக்கு வராத பதில் எண்ணிக்கைக்கு வரும்.

துணைவேந்தர் இல்லாத காலத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவி காலியானது. துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் திருத்தங்கள் உள்ளிட்ட மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது பற்றிய வழக்கில் 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அவை ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று சொல்ல, மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தச் சட்டங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வேந்தரான ஆளுநர், மாநில அரசு, யுஜிசி என்ற மூவரின் இழுபறியில் பேசப்படாமல் போவது, துணைவேந்தருக்குப் பதிலாக ஒருங்கிணைப்புக் குழு நடத்தும் பல்கலைக்கழகத்தில் கல்விப் பேரவை ஒழுங்காகக் கூடுகிறதா என்ற கேள்வி. அதைக் கேட்க வேண்டியவர்கள் உள்ளே இருக்கும் ஆசிரியர்கள்தான்.

தலைகளை எண்ணுங்கள், பிறகு அந்தத் தலைகளை நியமித்தது யார் என்று எண்ணுங்கள்

தன்னாட்சிக் கல்லூரியின் கல்விப் பேரவையை எடுத்துக்கொள்வோம். யுஜிசியின் தன்னாட்சி விதிமுறைகள்படி அதில் முதல்வர் தலைவர். எல்லாத் துறைத்தலைவர்களும் உறுப்பினர்கள். பணிமூப்பு அடிப்படையில் சுழற்சி முறையில் 4 ஆசிரியர்கள். ஆளுகைக் குழு நியமிக்கும் வெளி வல்லுநர்கள் குறைந்தது 4 பேர். பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் 3 பேர். முதல்வர் நியமிக்கும் ஓர் ஆசிரியர் உறுப்பினர் செயலர். 18 துறைகள் உள்ள கல்லூரியில் மொத்தம் 31 பேர். முதல்வரை விட்டுவிட்டாலும் உள்ளூர் ஆசிரியர்கள் 23. கணக்கில் அசைக்க முடியாத பெரும்பான்மை.

ஆனால் அந்த 18 துறைத்தலைவர்களை நியமிப்பது யார்? மூப்பின்படி சுழற்சியாக வருகிறார்களா, நிர்வாகம் விரும்பியவரை உட்கார வைக்கிறதா? இரண்டாவது என்றால் 23-ல் 18 பேர் தங்கள் நாற்காலிக்கு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் கல்விப் பேரவையில் ஆசிரியர் குரல் வேண்டும் என்றால், முதலில் பிடிக்க வேண்டிய இடம் துறைத்தலைவர் நியமன விதி. மூப்பு வரிசையில், குறிப்பிட்ட ஆண்டுக்கொருமுறை சுழலும் என்று ஆளுகைக் குழுத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாய்மொழி வழக்கம் அடுத்த முதல்வர் வரும்வரைதான் நிற்கும். மூப்பின்படி வரும் 4 பேரின் வரிசைப் பட்டியலையும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பட்டியல் வெளியே இல்லாத கல்லூரிகளில்தான் வரிசை தாண்டிப் போகிறது.

ஆளுகைக் குழுவில் நிலைமை தலைகீழ். அறக்கட்டளை நடத்தும் கல்லூரியில் நிர்வாகத்தின் ஆட்கள் கூடுதலாக இருக்க, மூப்பின் அடிப்படையில் முதல்வர் நியமிக்கும் ஆசிரியர்கள் 2 பேர்தான். நிதிக்குழுவில் ஒருவர். அங்கே வாக்கெடுப்பில் வெல்ல முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த இருவரும் செய்யக்கூடியதைச் செய்யட்டும்: கல்விப் பேரவையின் ஒவ்வொரு தீர்மானமும் ஆளுகைக் குழுவுக்கு வந்ததா, வந்தது மாறாமல் வந்ததா என்று ஒப்பிடுவது.

பாடக்குழுதான் உங்கள் கோட்டை. துறைத்தலைவர் தலைவர், துறையின் ஆசிரியர்கள் உறுப்பினர்கள், கல்விப் பேரவை நியமிக்கும் வெளி வல்லுநர்கள் 2 பேர், துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநர் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவர். இதில் பலர் கவனிக்காத ஒரு கதவு இருக்கிறது: துணைவேந்தரின் வல்லுநர், கல்லூரி முதல்வர் அனுப்பும் 6 பெயர்ப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். அந்த 6 பெயர்களைத் துறைக்கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி முதல்வரிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அலுவலகம் பழைய பட்டியலையே மறுபடி அனுப்பும், அல்லது தெரிந்தவர்கள் பெயரை எழுதும். பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கேள்வி கேட்கும் பழக்கமுள்ள வல்லுநர்களைப் போடுங்கள். தலையாட்டும் வல்லுநர் உங்கள் துறைக்கும் தலையாட்டுவார், உங்கள் துறையைக் குறைக்க வரும் யோசனைக்கும் தலையாட்டுவார்.

இணைவுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்தக் கோட்டை கிடையாது. பல்கலைக்கழகப் பாடக்குழு, கல்விப் பேரவை, ஆட்சிப்பேரவை (செனட்) ஆகியவற்றின் தேர்தலும் நியமனமும்தான் வழி. வாக்காளர் பட்டியல் வரைவு வந்த அன்றே பெயரைச் சரிபாருங்கள். பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல் தாமதமான ஆசிரியரின் பெயர் விடுபடலாம், ஆட்சேபத்துக்குத் தரும் நாட்களோ மிகக் குறைவு. ஏயூடி, மூட்டா போன்ற ஆசிரியர் சங்கங்கள் இந்தத் தேர்தல்களில் பல்லாண்டுகளாக ஈடுபட்டு வருபவை. விதிப் புத்தகமும் பழைய வழக்குத் தாள்களும் தேடினால் முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

பாடக்குழுக் கூட்டத்தை நடத்துவது எப்படி

அரசுத் திட்டங்கள் வகுப்பறைக்குள் நுழையும் வாசல் பாடக்குழு. 2022 மார்ச் 1-ல் தொடங்கிய மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனின் திறன் தாள்கள் ஆனாலும், தேசியக் கல்விக் கொள்கை 2020 வழியே வரும் நான்காண்டுப் பட்டம், மாணவர் பெறும் கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் கிரெடிட் வங்கி போன்றவை ஆனாலும், எல்லாம் கடைசியில் ஒரு பருவ அட்டவணையில் இத்தனை கிரெடிட் என்று உட்கார வேண்டும். அந்த அட்டவணையை எழுதும் கை யாருடையது என்பதே கேள்வி.

கூட்டத்துக்கு 21 நாள் முன்பு துறைத்தலைவர் பொருள் கேட்டு எழுதட்டும். 7 நாள் முன்பு அஜெண்டாவும் இணைப்புத் தாள்களும் எல்லா உறுப்பினர்களுக்கும், வெளி வல்லுநர்கள் உட்பட, போய்ச் சேர வேண்டும். உங்கள் கல்லூரி விதியில் நாள் கணக்கு இல்லையென்றால், முதல் கூட்டத்திலேயே இதை ஒரு தீர்மானமாக்கிவிடுங்கள். அரசுச் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் "உடனடி" என்ற முத்திரையோடு வரும். கூட்டத்தன்று மேசையில் வைக்கப்படும் தாளை யாரும் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் மினிட்ஸில் "விவாதித்து ஏற்கப்பட்டது" என்று ஏறிவிடும். மேசைத் தாளுக்கு ஒரு விதி போதும்: எந்த உறுப்பினரும் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும். ஒத்திவைக்கவே முடியாத தேதி நெருக்கடி இருந்தால், அந்தத் தேதியை வைத்தது யார், எந்தக் கடிதத்தில் என்று மினிட்ஸில் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் "அனைவரும் சம்மதமா" என்று கேட்டு முடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அது கூட்டம் ஆகாது. சுற்றுக்கு விட்டுத் தீர்மானம் எடுக்க விதி இடம் கொடுத்தால், தாளில் ஒவ்வொருவரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும், அடுத்த நேர்க்கூட்டத்தில் அது படிக்கப்பட வேண்டும்.

தீர்மானத்தை எழுதும் விதத்தில்தான் பலம் இருக்கிறது. "பாடக்குழு அதிருப்தி தெரிவித்தது" என்று எழுதினால் மேலே போனதும் காணாமல் போய்விடும். இப்படி எழுதுங்கள்:

"தீர்மானம் 4: இளங்கலைப் பொருளியல் மூன்றாம் பருவத்தில் 4 கிரெடிட் புள்ளியியல் தாளை நீக்கி வெளிநிறுவனத் திறன் தாளை வைக்கும் யோசனையைப் பாடக்குழு ஏற்கவில்லை. காரணம் ஒன்று: ஐந்தாம் பருவப் பொருளளவையியல் தாளைப் படிக்க இந்தத் தாள் முன்தேவை. காரணம் இரண்டு: முதுகலைச் சேர்க்கைத் தேர்வுகளில் இப்பகுதி கேட்கப்படுகிறது. மாற்று: திறன் தாளை நான்காம் பருவத்தில் 2 கிரெடிட் விருப்பத் தாளாக வைக்கப் பரிந்துரைக்கிறது. ஆதரவு 11, எதிர்ப்பு 2."

மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன: கல்வி சார்ந்த காரணம், மாற்று யோசனை, வாக்கு எண்ணிக்கை. அதற்கு மேல் ஒரு விதியும் உங்கள் பக்கம் நிற்கிறது. தன்னாட்சி விதிமுறைகளின்படி, பாடக்குழுவின் யோசனையில் கல்விப் பேரவை மாறுபட்டால் காரணம் கூறித்தான் மறுபரிசீலனைக்குத் திருப்பவோ நிராகரிக்கவோ முடியும். காரணம் இல்லாத நிராகரிப்பு வந்தால், அந்தப் பிரிவைச் சுட்டி, காரணத்தை எழுத்தில் தருமாறு உறுப்பினர் செயலருக்குக் கடிதம் எழுதுங்கள். இந்த ஒற்றைப் பிரிவைத் தெரிந்துவைத்திருக்கும் துறை, தெரியாத துறையைவிட எவ்வளவோ மேலான நிலையில் இருக்கிறது. இதை எல்லாத் துறைத்தலைவர்களும் நகலெடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தேர்வாளர் பட்டியலைப் பரிந்துரைப்பதும் பாடக்குழுவின் வேலைதான். தேர்வுப் பிரிவு தானே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு நடத்தத் தொடங்கினால், கேள்வித்தாள் வழியாகப் பாடத்திட்டம் வேறொன்றாகிவிடும். ஆண்டுதோறும் பட்டியலைப் புதுப்பித்து, தீர்மானமாக அனுப்புங்கள்.

மினிட்ஸை அன்றே முடியுங்கள். ஒருவர் தீர்மானங்களைக் கணினியில் ஏற்ற, கூட்டம் கலைவதற்குள் படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது நல்லது. "பிறகு அனுப்புகிறோம்" என்று விட்ட மினிட்ஸில் வாக்கியங்கள் மென்மையாகிவிடும். "ஏற்கவில்லை" என்பது "சில உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்" ஆகும். உங்கள் எதிர்ப்பு பதிவாகவில்லை என்றால், மினிட்ஸ் கிடைத்த 7 நாளுக்குள் அரைப்பக்க மாற்றுக்கருத்துக் குறிப்பைத் தலைவருக்கு அனுப்பி, இணைப்பாகச் சேர்க்கக் கேளுங்கள். அதில் ஆட்களைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், பொருளைப் பற்றி மட்டும்.

மினிட்ஸ் கிடைக்காவிட்டால்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் கேளுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இதில் அடங்கும். கணிசமான அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பொது அதிகார அமைப்புகளே என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் டிஏவி கல்லூரி வழக்கில் சொல்லியிருக்கிறது. சுயநிதிக் கல்லூரியிடம் நேராகக் கேட்க முடியாவிட்டாலும், அது பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கும் அனுப்பிய தாள்களை அந்த அலுவலகங்களிடம் கேட்கலாம்.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு போதும். "கல்விப் பேரவை பற்றிய விவரம்" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நடந்த கூட்டங்களின் அஜெண்டா, வருகைப் பதிவு, கையெழுத்திட்ட மினிட்ஸ், நடவடிக்கை அறிக்கை ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள். "ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள்" என்ற கேள்வியை நிராகரிப்பார்கள், ஆவணத்தைத்தான் கேட்க முடியும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முதல் மனுவைக் கொடுப்பதற்கு முன், பதிவாளரிடம் நேரில் ஒருமுறை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். சக ஊழியர்களோடு உறவு கெடாமல் முடிந்தால் நல்லதுதானே.

நேரமும் புள்ளியும்

குழு வேலையிலிருந்து ஆசிரியர்கள் விலகுவதற்குச் சோம்பல் காரணமில்லை. யுஜிசியின் 2018 விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும் இணைப் பேராசிரியர், பேராசிரியருக்கு 14 மணி நேரமும் நேரடி வகுப்பு என்கிறது. பதவி உயர்வுக்கான அட்டவணையில் துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர், விடுதிக் காப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்புகள், தேர்வுப் பணி, கருத்தரங்கம், ஆய்வு வழிகாட்டல், ஆய்வுக்கட்டுரை என்று வரிசையாக வரும். அவற்றில் மூன்றிலாவது ஈடுபட்டிருந்தால் "நன்று". கல்விப் பேரவையில் உட்கார்ந்து 200 பக்கப் பாடத்திட்டத்தைப் படித்துத் திருத்துவது அங்கே தனி வரியாக இல்லை. கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு கல்லூரியைக் காப்பதற்குக் கிடைப்பதில்லை. இதுதான் நாம் மிகவும் கவலைப்பட வேண்டிய இடம்.

செய்யக்கூடியது: ஒவ்வொரு குழுப் பொறுப்புக்கும் முதல்வரிடமிருந்து பெயர், பணி, காலம் குறிப்பிட்ட ஆணை வாங்குங்கள். பாடத்திட்டத் திருத்தப் பணியை "பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர்" என்ற ஆணையாக வாங்கினால் நிர்வாகப் பொறுப்பில் சேர்க்க இடமுண்டு. கல்லூரியின் தரத்தைக் கண்காணிக்கும் உள்தர மதிப்பீட்டுக் குழு ஆண்டு இறுதியில் சான்று தரும்போது அந்த ஆணை எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கழித்துச் சான்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

தற்காலிகமாக நியமிக்கப்படும் கௌரவ விரிவுரையாளர்கள் இல்லாமல் பல அரசுக் கல்லூரித் துறைகள் நடக்காது. ஆனால் மூப்புப் பட்டியலிலும் தேர்தல் பட்டியலிலும் அவர்களுக்குப் பொதுவாக இடமில்லை. நிரந்தரப் பணியிடம் காலியாக இருக்க இருக்க, ஆசிரியர் சமூகத்தின் வாக்கு எண்ணிக்கை தானாகச் சுருங்கும். 2018 விதிமுறை ஒப்பந்த ஆசிரியர் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 2025 ஜனவரி 6-ல் வெளியான புதிய யுஜிசி விதிமுறை வரைவில் அந்த வரம்பைக் காணோம். அதே வரைவுதான் தொழில்துறை, பொதுக்கொள்கைத் துறையினரும் துணைவேந்தராகலாம் என்றது. மக்கள் கவனமெல்லாம் துணைவேந்தர் பிரிவுக்கே போனது. ஆசிரியர் செல்வாக்கை அடியோடு மாற்றக்கூடியது ஒப்பந்தப் பிரிவு என்பதே எங்கள் கணிப்பு. இடைக்கால வழியாக, கௌரவ விரிவுரையாளர்களைப் பாடக்குழுவுக்குச் சிறப்பு அழைப்பாளர்களாக அழையுங்கள். வாக்கு இல்லாவிட்டாலும் அவர்கள் சொன்னது மினிட்ஸில் பெயரோடு ஏறட்டும். அந்தத் தாளை நடத்துபவர் அவராக இருக்கும்போது அவரைக் கேட்காமல் திருத்துவது பாடத்திட்டத்துக்கே கேடு.

வரைவு விதிமுறைக்குக் கருத்து அனுப்புவது

கருத்துச் சொல்ல அந்த 2025 வரைவுக்கு முதலில் கிடைத்தது 30 நாள்தான். அதற்குள் துறைக்கூட்டம், ஆசிரியர் பேரவை, கல்விப் பேரவை மூன்றையும் கூட்ட முடியாது. அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே 5 பேர் கொண்ட வரைவுப் பரிசீலனைக் குழு ஒன்றை ஆசிரியர் பேரவை அமைத்துவிடட்டும்: விதி படிக்கத் தெரிந்த ஒருவர், நிதி தெரிந்தவர் ஒருவர், மூத்தவர் ஒருவர், பணியில் சேர்ந்து 5 ஆண்டு ஆகாதவர் ஒருவர், ஒரு கௌரவ விரிவுரையாளர். முதல் வாரம் வாசிப்பு, இரண்டாவது வாரம் எழுத்து, மூன்றாவது வாரம் கையெழுத்து. நான்காவது வாரத்தை அனுப்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் இணையதளம் திணறும்.

ஐந்து பத்திகள் உள்ள அட்டவணையாக எழுதுங்கள்: பிரிவு எண், இப்போதைய வாசகம், வரைவின் வாசகம், அதனால் நேரும் விளைவு, நாங்கள் கேட்கும் வாசகம். கடைசிப் பத்திதான் முக்கியம். "இப்பிரிவை எதிர்க்கிறோம்" என்பதை எண்ணிக்கையில் சேர்ப்பார்கள். "கலந்தாலோசித்து என்பதை ஒப்புதலோடு என்று மாற்றுக" என்பதை யாராவது படித்தாக வேண்டும். ஒரே வார்ப்புக் கடிதத்தை 500 பேர் அனுப்புவதைவிட, 20 துறைகள் தத்தம் பாடத்தின் விளைவைத் தனித்தனியாக எழுதுவது கனமானது. நகலை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மாநிலச் சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்து 2025 ஜனவரி 9-ல் தீர்மானம் போட்டது, அதாவது வரைவு வந்த மூன்றாவது நாள்.

மாநில மசோதாக்களுக்குக் கருத்துக்கேட்பு நாளே கிடைக்காமல் போகலாம். கல்லூரிகளைத் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற்ற வழிவிட்ட திருத்த மசோதா 2025 அக்டோபரில் நிறைவேறியது. ஆசிரியர் சங்கங்கள் உடனே தெருவுக்கு வந்த பிறகு அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. உதவி பெறும் கல்லூரி தனியார் பல்கலைக்கழகமானால் உதவிப் பணியிடமும், பல்கலைக்கழகக் குழுக்களில் உள்ள இடமும், பணிநீக்கத்துக்கு முன் உரிய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்ற 1976 தனியார் கல்லூரிகள் சட்டத்தின் பாதுகாப்பும் என்னவாகும் என்பதைப் பிரிவு வாரியாக எழுதி வைத்திருந்தவர்களால்தான் அன்று செய்தியாளர்களிடம் தெளிவாகப் பேச முடியும். அந்தத் தாளை இப்போதே தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மசோதா வேறு எண்ணில் மறுபடி வரலாம்.

கடைசியாக ஒரு கோப்பு. சுழற்சி முறையில் வரும் உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து போகும்போது, தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது. வருகிறவர் முதல் இரண்டு கூட்டங்களைப் புரிந்துகொள்வதிலேயே கழிக்கிறார். ஒரு கெட்டி அட்டைக் கோப்பில் இவற்றை வைத்து அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்: நடப்பு விதிமுறையின் அச்சுநகல், சிவப்பு மைக் கோடுகளோடு; கடந்த 5 கூட்டங்களின் மினிட்ஸ்; மூன்று கூடைக் கணக்குத் தாள்; காரணம் கேட்டு எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும்; இன்னும் பதில் வராதவற்றின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய தேதியோடு.